ஸ்கார்பரோவிலிருந்து ஓலப்பாளையம்: ஆடிக் காற்றில் ஒரு கொங்குப் பயணம்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே இருக்கிற சிற்றூர் ஓலப்பாளையம். 1964 முதல் 1966 வரை, ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவியாக இருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் இங்கே தங்கிக் கொங்கு நாட்டுக் கிராம வாழ்க்கையைக் குறித்தெடுத்தார். 1965இல் இராமசாமி என்ற உடுக்கைப் பாடகரை இரவு இரவாகப் பாடச் சொல்லி, அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை தங்காள் ஆகியோரின் கதை அது. பெக்கின் சேகரிப்பு இன்று கனடாவில், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் இருக்கிறது. நூலகம் அதை எண்மமாக்கி (டிஜிட்டலாக்கி), ஆய்வாளர்களுக்கு மட்டுமல்லாமல் பொதுமக்களுக்கும் திறந்துவைத்திருக்கிறது. ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி ஸ்கார்பரோ. அங்கே தமிழுக்கு ஓர் ஒலிப்பெட்டகம் அமைந்ததில் வியப்பில்லை.

தஞ்சாவூரில் மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த உடுக்கைச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நமைச்சல். பாட்டு பிறந்த பக்கத்தில் இதை யாராவது கேட்டிருக்கிறார்களா? கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கைபேசியில் பாட்டு. பையில், 1800இல் இந்தச் சீமை வழியாகப் போன பிரான்சிஸ் புக்கானனின் பயண நூலிலிருந்தும் எஃப். ஏ. நிக்கல்சன் 1887இல் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலிருந்தும் அச்செடுத்த சில பக்கங்கள். இரண்டுமே வெளிநாட்டு நூலகங்களின் அலமாரியிலிருந்து இணையத்துக்கு வந்தவை. இரவில் விடுதி அறைகளில் எழுதிவைத்ததை நாள் வாரியாகப் போடுகிறேன்.

ஜூலை 15, செவ்வாய் – கோயம்புத்தூர்

ரயிலை விட்டு இறங்கும்போதே சாரல். தஞ்சாவூரில் புழுங்கிக்கொண்டிருந்த உடம்புக்கு இந்தக் குளிர்ச்சி திருவிழா மாதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நேராக நுழைகிற மாதம் இது. நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் தேங்காய் பன்னும் தேநீரும் சாப்பிட்டேன். தேநீர் 15 ரூபாய். பன்னுக்குள் பூரணம் தாராளம். கல்லாவில் இருந்தவர் சில்லறை கொடுக்கும்போது "வரட்டுங்களா" என்றார். வெளியே போகிறவள் நான், வரட்டுமா என்று கேட்பவர் அவர். இந்த ஊரில் மரியாதை இப்படித்தான் எதிர்த் திசையிலிருந்தும் வரும் என்று பிறகு பழகிக்கொண்டேன்.

பத்து மணிக்கு நகரத்தில் ஒரு நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். பழைய கொங்கு வட்டார இதழ்களையும் சில ஏட்டுச் சுவடிகளையும் அவர்களும் எண்மமாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். செய்தி உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டுமானால் துறைத்தலைவரின் கடிதம், கல்லூரி முத்திரை, இரண்டு புகைப்படம். என் கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த உதவியாளர் நல்ல மனிதர். விதியை மீறாமல் எப்படி உதவுவது என்று நெடுநேரம் யோசித்தார். கடைசியில், நான் நாற்காலியில் உட்காரக் கூடாது, அவர் உட்கார்ந்து திறப்பார், நான் பின்னால் நின்று பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

வளாகத்துக்குள் ஒரே ஒரு கணினியில் மட்டும் திறக்கிற தொகுப்பு. கோப்புகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஓடுகிறது. எந்த இதழ், எந்த ஆண்டு என்பதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஏட்டின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. இன்னொரு பக்கத்தில் படமெடுத்தவரின் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. ஒப்பந்தத்துக்கு வந்த பையன்கள் நாளுக்கு இத்தனை பக்கம் என்று கணக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள், விவரப்பட்டியல் போட ஆள் போடவில்லை என்றார் உதவியாளர். வருடி (ஸ்கேனர்) மேசைமேல் பூப்போட்ட துணி போர்த்திக் கிடந்தது.

எண்மமாக்கல் என்றால் நம் பக்கத்தில் இன்றும் படம் எடுப்பது என்றுதான் பொருள் கொள்கிறார்கள். படம் எடுப்பது வேலையில் பாதிகூட இல்லை. எங்கே கிடைத்தது, யாருடையது, எந்த ஆண்டு, எதோடு சேர்ந்தது, யார் பார்க்கலாம் என்கிற விவரம் ஒட்டியிருந்தால்தான் அது தொகுப்பு. விவரம் இல்லாவிட்டால் வன்தட்டுக்குள் இருக்கிற குப்பைமேடு. வன்தட்டும் சாகும். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. பதினொன்றரைக்குத் தன் காசில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டுக்கு மின்சாரம் போயிற்று.

மாலையில் பேரூர் பட்டீசுவரர் கோயில். நொய்யலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஒரு தள்ளுவண்டியில் காளான் என்று விற்றதை வாங்கினேன். காளான் இருக்கிறதோ இல்லையோ, முட்டைக்கோஸும் காரமும் நிச்சயமாக இருந்தன. மேலே வெங்காயமும் பொரியும் தூவித் தந்தார்கள். 40 ரூபாய்.

ஜூலை 16, புதன் – சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம்

கரூர் போகிற பஸ்ஸில் சன்னலோர இருக்கை. சூலூர் தாண்டியதும் சாரல் நின்று, காற்று மட்டும் மிஞ்சியது. பல்லடத்தில் விசைத்தறிச் சத்தமும் கோழி வண்டிகளும். அதற்கப்புறம் வரிசையாகக் காற்றாலைகள். ஆடி பிறக்க ஒரு நாள் இருக்கும்போதே சன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. பக்கத்திலிருந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, என்னையும் மூடிக்கொள்ளச் சொன்னார். கேட்டிருக்கலாம். காங்கேயத்தில் இறங்கியபோது பல்லிடுக்கில் மண்.

மழை மறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதைக் கண்ணால் பார்க்காமலே இத்தனை காலம் இருந்திருக்கிறேன். ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்தவளுக்கு இந்த நிலம் முதலில் வெறுமையாகத்தான் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தனித்தனி வேலிகள் தெரிகின்றன. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். இதைக் கொறங்காடு என்கிறார்கள். மாட்டை உள்ளே விட்டு வேலிக் கடவைப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். காங்கேயம் காளை இந்தப் புல்லைத் தின்று எழுந்த உடம்பு.

பெரியவர் ஒருவர் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். மின்மோட்டார் ஓடவில்லை, மும்முனை மின்சாரம் வரக் காத்திருக்கிறார். அவரிடம் புக்கானனின் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு மாடு சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தோல் சால் மேலே வரும் கபிலையைப் புக்கானன் எழுதியிருக்கிறார். இங்கே அதற்குப் பெயர் கவலை. பெரியவர் ஆங்கிலம் படிக்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, மாடு எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். "எந்த நேரத்தில் இறைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாருங்களா?" என்றார். இல்லை என்றேன். விடியற்காலம் மூன்று மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பாத்தி முடியும், அதை எழுதாமல் என்னத்தை எழுதினார் என்று அலுத்துக்கொண்டார். 1807இல் லண்டனில் அச்சான நூலுக்கு இவ்வளவு சுருக்கமான மதிப்புரையை நான் கேட்டதில்லை.

மாலை சிவன்மலை. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஏதாவது ஒரு பொருளைச் சொன்னால், பூப்போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டு அந்தப் பொருளைப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். என்ன வைக்கப்பட்டது, யார் கொண்டுவந்தார் என்ற கணக்கும் இருக்கிறது. நேற்றைய நூலகத்தைவிடப் பட்டியல் ஒழுங்கு.

இரவு உணவு காங்கேயத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில். அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த சாதம், மேலே நெய், பக்கத்தில் தயிர். 70 ரூபாய். வேறு தொடுகறி எதுவும் கேட்காத சாப்பாடு. நான் ஊறுகாய் கேட்டபோது பரிமாறியவர் ஒரு பார்வை பார்த்தார்.

ஜூலை 17, வியாழன், ஆடி 1 – கரூர்

தோழி வீட்டில் ஒரு நாள். கரூர், தாராபுரம், சேலம் பக்கமெல்லாம் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறார்கள். கேள்விப்பட்டிருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. தேங்காயின் நாரை வழித்துத் தரையில் உரசி வழுவழுப்பாக்கி, கண்ணைத் திறந்து கொஞ்சம் நீரை இறக்கிவிட்டு, உள்ளே பச்சரிசி, பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். அழிஞ்சில் குச்சியைச் சீவி அந்தக் கண்ணில் செருகி, தெருவில் மூட்டிய தீயில் வாட்டுகிறார்கள். ஓடு கருகி வெடிக்கிற நேரத்தில் உள்ளே வெந்துவிடும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைக்க வேண்டும். மகாபாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, வெற்றிக்கு வேண்டிச் சுட்டது இது என்று தோழியின் அம்மா சொன்னார்.

இந்த ஆண்டு தேங்காய் விலை ஏறிக் கிடக்கிறது. ஒரு காய் 45 ரூபாய் கொடுத்தேன். குச்சி 20. எதிர்வீட்டுப் பையன்கள் மூன்று பேர் ஒரே காயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். என் காய் ஒரு பக்கம் கரியாகி மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. "திருப்பு கண்ணு, திருப்பு" என்று அந்த அம்மா கத்திக்கொண்டே இருந்தார். காற்று தீயை எல்லார் காய்க்கும் அனுப்பியது, என் காய்க்கு மட்டும் அனுப்பவில்லை. உடைத்துச் சாப்பிட்டபோது புகைவாசம் ஏறிய வெல்லமும் அரிசியும் கையெல்லாம் ஒட்டின. இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினேன்.

மாலையில் கரூர் கரம். தட்டுவடையை நொறுக்கிப் பொரி, சட்னி, காரட் துருவல் போட்டுக் கிளறித் தருவது. முட்டை போட்டும் உண்டு. 35 ரூபாய். காரம் உச்சியில் ஏறியது.

ஜூலை 18, ஆடி வெள்ளி – ஓலப்பாளையம், கண்ணபுரம்

பஸ் தகராறு. கரூரில் ஏறும்போது ஓலப்பாளையத்தில் நிற்கும் என்றார்கள். ஏறி உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் போனபின் நடத்துநர், இது இடைநில்லாப் பேருந்து, வெள்ளகோவிலில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார். வாக்குவாதம் செய்யச் சளி கட்டிய தொண்டை இடம் கொடுக்கவில்லை. வெள்ளகோவிலில் இறங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்து டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூச்சியம் ரூபாய் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாலையோரத் தேநீர்க் கடையில் பையை வைத்தேன். அச்செடுத்த தாள்களை மேசைமேல் எடுத்து வைத்ததுதான் தாமதம், ஆடிக் காற்று வேலையைக் காட்டிவிட்டது. நிக்கல்சன் சாலையைக் கடந்து போனார். புக்கானன் வேலியில் மாட்டிக்கொண்டார். கடையில் இருந்த நான்கைந்து பேரும் தேநீரை வைத்துவிட்டு ஓடினார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை ஒருத்தி சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு தாளைப் பிடித்து வந்தாள். பிடித்து வந்தவர்கள் யாரும் அப்படியே கொடுத்துவிடவில்லை. ஒவ்வொருவரும் தன் கையில் இருந்ததை முதலில் பார்த்தார்கள். காங்கேயம் மாட்டைப் பற்றிய பக்கம் கிடைத்தவர் அதை உரக்க எழுத்துக்கூட்டினார். என் பேச்சைவிட அந்தக் காற்றுதான் என்னை ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தது.

அப்புறம் கேள்விகள். எந்த ஊருங்க, எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டாயிற்றா. அடுத்ததாக, உங்களுக்குக் குலதெய்வம் எந்தக் கோயிலுங்க? இது பக்தி விசாரணை இல்லை என்பது தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். தஞ்சாவூரில் இதையே வேறு மாதிரி, தெருவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நான் பெரிய கோயில் என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பாட்டைப் போட்டேன். முதலில் நாடா ஓடுகிற இரைச்சல், பிறகு உடுக்கை, பிறகு குரல். பெரிய வியப்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கடைக்காரர் பால் ஊற்றிக்கொண்டே, "அண்ணமார் பாட்டுங்க" என்றார், காலை வானொலிச் செய்தியைச் சொல்வது போல. கனடாவில் இருக்கிறது என்றேன். "இங்கே இருப்பதுதானே அங்கே இருக்கும்" என்றார் ஒருவர். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் மட்டும் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கால் மணியில், பின்னால் ஒரு பெரியவரை உட்காரவைத்துக்கொண்டு திரும்பினார். பக்கத்துக் கிராமத்து உடுக்கைப் பாடகர். எழுபதைத் தாண்டிய வயது, காதில் கடுக்கன்.

எல்லாரும் அவரை அய்யா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். கைபேசியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. தணிக்கைக்காரர் கணக்குப் பார்ப்பது போலக் கேட்டார். சில நிமிடம் கழித்து, இது தன் வாத்தியார் வழி இல்லை என்றார். இன்ன இடத்தில் நடை மாறுகிறது, எங்கள் பக்கம் இதை இழுத்துப் பாடுவோம், பின்பாட்டுக்காரர் பரவாயில்லை, உடுக்கை நல்ல தோல். இராமசாமியின் குரலைப் பற்றி ஒரே வார்த்தை: "கனம்."

இந்தப் பதிவுகளைக் கொண்டு பெக் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அதே பாடகர் பாடும்போது ஒரு வடிவமும், எழுத்தில் எடுக்கச் சொல்லும்போது வேறொரு வடிவமும் வருவதை ஒப்பிட்டுக் காட்டினார். அதைச் சொன்னபோது அய்யா பெரிதாகச் சிரித்தார். எழுதுகிறவன் கை வலிக்கும் என்று குறைத்துச் சொல்லியிருப்பார் என்றார். ஆய்வரங்கில் இதைச் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடைக்குமா என்று தெரியவில்லை. எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அறுபது வருடக் குரல் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். அய்யாவின் பேரன், ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறான். கெடும் என்றேன். நாடாவில் இருக்கும் காந்தப்பூச்சு பிசுபிசுத்து உதிரும், சில வகை நாடாக்கள் புளித்துக் காடி வாசம் அடிக்கும். அதனால்தான் நூலகங்கள் நாடாவை ஓடவிட்டு, விநாடிக்கு 96,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில் பதிந்து, சுருக்காத பெரிய கோப்பாக வைத்துக்கொள்கின்றன. நாம் கேட்பது அதிலிருந்து எடுத்த சிறிய நகல். இணையத்தில் போட்டால் எப்போதும் இருக்குமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலில் அதன் பட்டியலும் எண்மச் சேகரிப்புகளும் மாதக்கணக்கில் முடங்கின. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காப்பதற்கென்று அவர்கள் நடத்துகிற திட்டத்தில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் எடுத்தவையும் உண்டு. அதனால் பல இடத்தில் பல நகல் இருக்க வேண்டும், ஊரிலும் ஒன்று இருக்க வேண்டும் என்றேன். தேடும்போது ஒரு வித்தையையும் சொல்லிக்கொடுத்தேன். உலக நூலகப் பட்டியல்களில் கொங்கு என்பதை ஆங்கில எழுத்தில் 'ஜி' போட்டுத் தேடினால் பாதிதான் வரும், 'கே' போட்டும் தேட வேண்டும். அவன் உடனே தேடிப் பார்த்தான்.

நான் நினைக்காதது அதற்கப்புறம் நடந்தது. பேரன் தன் கைபேசியில் தொகுப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்துக்குத் தாவினான். சாவுப் பகுதியைப் போடப் போகிறான் என்று புரிந்ததும் அய்யா கையை நீட்டி நிறுத்தினார். படுகளம் இப்படிக் கேட்கக் கூடாது என்றார். கோபம் இல்லை, ஆனால் உறுதி. தேங்காய், பழம், கோழி வைத்துப் படையல் போட்டுவிட்டுத்தான் அண்ணன்மார் விழுகிற இடத்தைப் பாடுவது அவர்கள் வழி. விழுந்தால் எழுப்ப வேண்டும். தங்காள் வந்து எழுப்புகிற பாட்டையும் சேர்த்துப் பாடாமல் பாதியில் நிறுத்தக் கூடாது. மாசியில் அண்ணன்மாருக்குத் திருவிழா எடுக்கிற வீரப்பூர்ப் பக்கம் படுகளத்தில் ஆட்கள் அருள் வந்து சாய்வதை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். அது நாடகம் இல்லை. தேநீர்க் கடை மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில், விரலால் தள்ளித் தள்ளி அதைக் கேட்க முடியும் என்பது அவருக்குப் புதிய செய்தி. அவ்வளவு நேரத்தில் அவர் அதிர்ந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

பேரன் வாதாடினான். எல்லாருக்கும் திறந்திருக்கிறதே, இனிமேல் மூட முடியுமா என்றான். மூட வேண்டாம் என்றார் அய்யா. கேட்கிறவனுக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

திறந்த நூலகங்களின் பக்கம் நிற்பவள் நான். செவ்வாய்க்கிழமை கடிதம் கேட்ட கணினியின் முன்னால் நின்றபோது அந்த நம்பிக்கை இரண்டு மடங்காகியிருந்தது. இப்போதும் அது மாறவில்லை. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரிவது வேறு. முதலாவதை நூலகம் செய்ய முடியும். இரண்டாவதைச் செய்ய அய்யாவைப் போன்றவர்கள் பட்டியலுக்குள் வர வேண்டும். உலகின் பல பகுதிகளில் தொல்குடிகளின் சேகரிப்புகளுக்கு இப்படிச் சமூகத்தின் குறிப்பைச் சேர்க்கிற வழக்கம் வந்துவிட்டது. தமிழ்ச் சேகரிப்புகளுக்கு நாம் இன்னும் கேட்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

மதியம் அய்யா வீட்டில் சாப்பாடு. கொள்ளுப் பருப்பு கடைந்தது, ரசம், முருங்கைக்கீரை. போதும் என்று இலைமேல் கையை வைத்தேன், அந்த அம்மா கைக்குப் பக்கத்தில் ஊற்றினார். "தொண்டைக்குக் கொள்ளு ரசம் நல்லது அம்மணி, இன்னொரு டம்ளர்." உண்மையாகவே சளி இளகியது. கிளம்பும்போது பாட்டின் இணைப்பைப் பேரனுக்கு அனுப்பினேன். அய்யா, முன்பகுதி முழுவதையும் கேட்கப் போவதாகச் சொன்னார். எங்கெங்கே தப்பு என்று குறித்துவைப்பாராம்.

கண்ணபுரம் விக்கிரம சோழீசுவரர் கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. சித்திரையில் மாட்டுச் சந்தை கூடுகிற மைதானம் வெறிச்சென்று கிடந்தது. ஆடி வெள்ளி என்பதால் மாரியம்மன் கோயிலில் மட்டும் கூட்டம், கூழ்.

ஜூலை 19, சனி – ஈரோடு

துணிகளைத் துவைத்துப் போட்டேன். காற்றில் அரை மணியில் காய்ந்து, அரை மணியில் திரும்பவும் அழுக்காயின. சென்னிமலையில் இறங்கி இரண்டு போர்வை வாங்கினேன். சொன்ன விலை 650, கொடுத்தது 600, இதற்கு மேல் பேரம் பேச வெட்கமாக இருந்தது. நெய்தவரே விற்கிறார்.

ஈரோட்டில் நண்பர்கள் இருவரோடு புலவர் செ. இராசுவைப் பற்றித்தான் பேச்சு. நொய்யல் கரையில் இருக்கிற சங்ககால ஊரான கொடுமணலின் தொல்லியல் முக்கியத்துவத்தை உலகத்துக்குச் சொன்னவர்களில் முன்னோடி. ஊர் ஊராகப் போய்க் கொங்குச் செப்பேடுகளையும் ஓலைகளையும் கல்வெட்டுகளையும் தேடிப் படியெடுத்தவர். 2023இல் மறைந்தார். ஒரு வீட்டில் செப்பேடு இருக்கிறது என்றால் அந்த வீட்டுக்காரர் அதை நம்பி எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு ஒருவர் பழகியிருக்க வேண்டும். வருடி வாங்குவது சுலபம், அந்தப் பழக்கத்தை எந்த ஒப்பந்தப்புள்ளியில் வாங்குவது என்றார் நண்பர்களில் ஒருவர். பதில் தோன்றவில்லை, பிரியாணி வந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு – பழையகோட்டை, மறுபடி ஈரோடு

ஞாயிறு மாட்டுச் சந்தைக்கு விடியற்காலமே போய்ச் சேர்ந்தோம். முழுவதும் காங்கேயம் இனம். மயிலை, காரி, செவலை என்று மூன்று நிறம். கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து சில மாதத்தில் நிறம் மாறும் என்று வாசித்திருந்தேன். இங்கே ஒரே தாயின் பக்கத்தில் இரண்டு நிறமும் நின்றன. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். முகத்தில் எதுவும் தெரிவதில்லை. ஒரு காரிக் காளைக்கு என்ன விலை என்று வாய்விட்டுக் கேட்டேன். வைத்திருந்தவர் என்னைப் பார்த்து, பார்க்கிறதற்குக் காசு இல்லீங்க என்றார்.

நிக்கல்சனின் கிழிந்த பக்கம் இங்கேயும் சுற்றியது. பழைய காளைகளின் வம்சம் பற்றிப் பெரியவர்கள் இரண்டு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள். ஒருவர் தாளைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கம்மங்கூழ் ஒரு சொம்பு 30 ரூபாய், கூடவே மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்தது.

ஈரோடு ரயில் நிலையத்தில் வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஸ்கார்பரோ நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அய்யா கேட்டு முடித்ததும் அவர் குறிக்கும் இடங்களை அனுப்புவதாக ஒரு பத்தி. பாட்டு வழிகள் பற்றி அவர் சொன்னவற்றை அவர் அனுமதியோடு குரலாகவே பதிந்து அனுப்பப் பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று ஒரு பத்தி. படுகளத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய குறிப்பைத் தொலைபேசியில் அய்யாவிடமே கேட்டு, அவர் சொன்னபடி எழுதினேன்:

"இதற்குமேல் அண்ணன்மார் விழுகிற இடம். படையல் போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். முடியாதவர்கள், தங்காள் எழுப்புகிற வரைக்கும் சேர்த்துக் கேளுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்."

ஆங்கிலத்தில் இதை மூன்று முறை மாற்றி எழுதினேன். பிறகு, தமிழ் வரிகளை அப்படியே போடும்படி கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டேன்.